மூன்று துண்டாக அறுத்த கடற்கரை

அக்டோபர் கடைசியில் தொடங்கிய வேலை, பிப்ரவரி இரண்டாம் வாரம்தான் முடிந்தது. பழைய அலமாரிப் பலகை ஒன்றைச் செதுக்கி, மூன்று துண்டாக அறுத்து, துண்டுக்கு ஒரு நிறம் பூசி, மறுபடி சேர்த்து வைத்து ஒன்பது அச்சுப் படிகள் எடுத்திருக்கிறேன். படத்தில் இருப்பது டாங்காஸ்ட் கடற்கரை. மேலே வானம், நடுவில் தண்ணீர் வடிந்த சேற்றுவெளி, கீழே கரை. அவ்வளவுதான். பலகையில் வேண்டாத இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேலே மிஞ்சி நிற்கும் பகுதியில் மை தடவித் தாளில் பதிப்பதுதான் மரச்செதுக்கு அச்சு. அதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, கெட்டுப்போன படிகளின் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இருப்பது வட ஜெர்மனியின் ஓல்டன்புர்கில். டாங்காஸ்டுக்குக் காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வட கடலின் யாடே வளைகுடாவை ஒட்டிய சின்ன ஊர். இந்தக் கரையில் பெரும்பாலான இடங்களில் ஊருக்கும் கடலுக்கும் நடுவே உயரமான மண்ணணை நிற்கும். அதன் மேல் ஏறினால்தான் கடல் கண்ணில் படும். டாங்காஸ்ட் மணல்மேட்டின் மேல் இருப்பதால், அங்கே மறைப்பே இல்லாமல் கடல் நேராகத் தெரிகிறது. தெரிவது பாதி நேரம் கடலே இல்லை. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மூன்று மீட்டருக்கு மேல். வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் விலகிப்போய், சாம்பலும் காவியும் கலந்த சேறு மட்டும் பளபளவென்று கிடக்கும். அதில் அங்கங்கே கோடு கோடாக மிச்சத் தண்ணீர்.

ஓவியர் கார்ல் ஷ்மிட்-ரொட்லுஃப் 1907 முதல் 1912 வரை கோடைதோறும் வந்து தங்கி வேலை செய்த ஊர் இது. எரிக் ஹெக்கலும் 1907இல் இங்கு வந்தார். இருவருமே 1905இல் ட்ரெஸ்டன் நகரில் நான்கு கட்டடக்கலை மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய ‘ப்ரூக்கே’ குழுவைச் சேர்ந்தவர்கள். அந்தச் சொல்லுக்குப் பாலம் என்று பொருள். பெயர் வைத்தவர் ஷ்மிட்-ரொட்லுஃப். எக்ஸ்பிரஷனிசம் என்று பிறகு பெயர் பெற்ற, கண்ணில் பட்டதைவிட மனதில் பட்டதை வரைந்த கலை இயக்கம் ஜெர்மனியில் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது இந்தக் குழு. பத்திரிகைப் படங்களுக்கும் மலிவு அச்சுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்த மரச்செதுக்கை எடுத்து, அதைத் தங்கள் முதன்மைக் கலைகளில் ஒன்றாகவே ஆக்கினார்கள். தாங்களே செதுக்கி, தாங்களே மை தடவி, தாங்களே அச்சிட்டார்கள்.

டாங்காஸ்டில் அவர்கள் நின்று வரைந்த இடங்களில் படங்களின் நகல்களைப் பலகைகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு பலகைக்கும் அதற்குப் பின்னால் தெரியும் நிஜக் கரைக்கும் இடையே நின்றபோதுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. எக்ஸ்பிரஷனிஸ்டுகள் உருவங்களை வேண்டுமென்றே கோணலாக வரைந்தார்கள் என்றுதான் நானும் படித்திருந்தேன். அந்தக் கோணலில் எவ்வளவு கையின் வேலை, எவ்வளவு மரத்தின் வேலை என்று செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று தோன்றியது.

முதல் நாள் கரையில் உட்கார்ந்து தடித்த தூரிகையாலும் கறுப்பு மையாலும் வரைந்தேன். பேனா எடுத்துப் போகவில்லை. பேனா கையில் இருந்தால் ஒவ்வொரு புல்லையும் வரையத் தோன்றும். புல்லை எல்லாம் மரத்தில் செதுக்க முடியாது. குளிர்காற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. ஆறு படம் வரைந்ததில் மிகக் குறைவான கோடுகள் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டேன். வானம், அடிவானக் கோடு, வலது ஓரத்தில் வளைகுடாவின் நடுவே நிற்கும் ஆர்ங்காஸ்ட் கலங்கரை விளக்கம், சேறு, வளைந்து வரும் கரை. அந்தக் கலங்கரை விளக்கம் 1910இல், அதாவது ஷ்மிட்-ரொட்லுஃப் இங்கே வந்துபோய்க்கொண்டிருந்த காலத்திலேயே, ஏற்றப்பட்டது. அதனால் அதை விட மனமில்லை.

முதல் பலகை லிண்டன் மர ப்ளைவுட். செதுக்கப் பழகுகிறவர்களுக்கு எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வெண்ணெய் மாதிரி வெட்டும், எந்தப் பக்கம் உளியைத் தள்ளினாலும் பெரிதாக எதிர்க்காது. மூன்று மாலைகளில் செதுக்கி முடித்து, கறுப்பு மை தடவி, தாளை உரித்து எடுத்தேன். ஒன்பது வயது மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, லைட்ஹவுஸ் ஏன் இந்தப் பக்கம் வந்துடுச்சு?”

அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும் என்பது தெரியாததல்ல. ஆனால் தூரிகைப் படத்தை அப்படியே பலகையில் ஒட்டிப் பார்த்துப் பார்த்துச் செதுக்கும்போது அது நினைவிலேயே இல்லை. தீர்வு மிக எளிது: படத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, தாளைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து பலகைக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் உளியைத் தொடாதீர்கள். பெயர் தெரியாத மரமும் பாறையும் என்றால் திரும்பினாலும் பாதகமில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கரை திரும்பி நின்றால் உறுத்துகிறது.

ஆனால் என்னை அதைவிட உறுத்தியது வேறு. அந்தப் படி தட்டையாக இருந்தது. கறுப்பு இருந்த இடம் வெறும் கறுப்பு, வெள்ளை இருந்த இடம் வெறும் வெள்ளை. கறுப்புத்தாளை வெட்டி ஒட்டினாலும் இதேதான் வந்திருக்கும். மரத்தில் செய்ததற்கான அடையாளமே அதில் இல்லை. கொஞ்சமும் எதிர்க்காத மரம் என்று நான் மெச்சிய குணம்தான் இதற்குக் காரணம். லிண்டன் மரத்தில் ரேகை, அதாவது மரத்தின் வளர்ச்சி விட்டுச்செல்லும் கோடுகள், கண்ணுக்கே தெரியாது.

ரேகை வேண்டுமென்றால் ஸ்ப்ரூஸ் அல்லது பைன் போன்ற ஊசியிலை மரம். கடையில் கிடைக்கும் அகலப் பலகைகள் எல்லாம் விரலகலச் சட்டங்களை ஒட்டிச் செய்தவை; ஒவ்வொரு ஒட்டிலும் ரேகை அறுந்து வேறு திசையில் தொடங்கும். வானத்தில் அப்படி ஆறு இடத்தில் அறுந்தால் படம் நிற்காது. ஒரே மரத்தில் அறுத்த அகலப் பலகை தேடி அலைந்தேன். கடைசியில் தெருவில்தான் கிடைத்தது. இங்கே வேண்டாத பெரிய சாமான்களை, குறித்த நாளில் வாசலில் வைப்பார்கள், நகராட்சி வண்டி வந்து எடுத்துப்போகும். அப்படி வைத்திருந்த ஓர் அலமாரியின் நடுத்தட்டு, ஸ்ப்ரூஸ், 24 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம். வீட்டுக்காரரிடம் கேட்டேன், மகிழ்ச்சியாகக் கழற்றிக் கொடுத்தார். 36 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன்.

பலகை லேசாகக் குழிந்திருந்தது. நேர்கோலை வைத்துப் பார்த்தால் நடுவில் 3 மி.மீ. இடைவெளி. அச்சு இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் இது பிளந்துவிடும். கரண்டியால் கையில் தேய்த்து அச்சிடுவதற்குக் குழிவு ஒரு பொருட்டே இல்லை, தாள் மரத்தோடு வளைந்துகொள்ளும். இயந்திரம் இல்லையே என்று இருந்த குறை அன்றோடு போயிற்று.

இனி சொல்லப்போவதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்ப்ரூஸ் மரத்தின் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் இரண்டு அடுக்கு உண்டு. வசந்தத்தில் வேகமாக வளர்ந்த பகுதி வெளிறியும் மென்மையாகவும் இருக்கும். கோடை முடிவில் மெதுவாக வளர்ந்த பகுதி கருத்தும் கடினமாகவும் இருக்கும். கம்பி பிரஷ்ஷை ரேகை ஓடும் திசையில் அழுத்தித் தேய்த்தால் மென்மையான அடுக்கு தூளாகி உதிர்கிறது. கடினமானது மட்டும் வரப்பு வரப்பாக மேலே நிற்கிறது. ரோலரால் மை தடவினால் மை வரப்பில் மட்டும் ஒட்டும். பலகையின் நடுப்பகுதியில் ரேகை தீச்சுடர் மாதிரி வளைந்து வளைந்து போகும், ஓரங்களில் நேர்கோடாக ஓடும். ஓரத்து நேர்கோடுகளைப் பார்த்ததுமே வற்றத்தின்போது சேற்றில் மிஞ்சி நிற்கும் தண்ணீர்க் கோடுகள் என்று தெரிந்துவிட்டது. நான் வரைந்தால் இவ்வளவு சரியாக வராது. அந்தக் கோடுகள் சேற்றுவெளியில் விழும்படியும் சுடர் ரேகை வானத்துக்குப் போகும்படியும் படத்தைப் பலகையில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து இடம் பிடிக்கவே ஒரு மாலை போயிற்று. பிரஷ்ஷைக் குறுக்கே மட்டும் இழுத்துவிடாதீர்கள், அந்தக் கீறல் அப்படியே அச்சில் விழும்.

சரி, செதுக்கல். உளியை ரேகையோடு தள்ளினால் நீளமாகப் போகும், சில சமயம் நாம் நிறுத்த நினைத்த இடத்தையும் தாண்டிப் போகும். குறுக்கே தள்ளினால் நார் பிய்ந்து சிராய் சிராயாக எழும்பும். அதற்கு முதலில் கத்தியால் எல்லைக் கோடு வெட்டிக்கொண்டு, பிறகு உளியால் அந்தக் கோடு வரை வர வேண்டும். இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். வளைவான கோடு என்பது இந்த மரத்தில் மிகவும் சிரமம். வளைவின் ஒரு பாதி ரேகையோடு போகும், மறுபாதி ரேகைக்கு எதிராகப் போகும். கை தானாகவே வளைவை மூன்று நேர்வெட்டுகளாக உடைத்துவிடுகிறது. கரை என் படத்தில் முறிந்து முறிந்து வருவது அதனால்தான். டாங்காஸ்ட் நகல் பலகைகளில் பார்த்த கோணல்கள் எனக்கு அப்போது வேறு மாதிரி புரிந்தன. உருவத்தைச் சிதைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உளியின் கட்டாயமும் சேர்ந்து பிறந்த கோடுகள் அவை. ப்ரூக்கேகாரர்கள் அந்தக் கட்டாயத்தை மழுங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அப்படியே விட்டார்கள். அதில்தான் அவர்கள் துணிச்சல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கலங்கரை விளக்கம் உடைந்துபோனது. சுற்றிலும் செதுக்கி எடுத்து, அதை மட்டும் 2 மி.மீ. அகல வரப்பாக நிற்க வைத்திருந்தேன். கிடைமட்டமாக நார் ஓடும் மரத்தில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய வரப்புக்குப் பிடிப்பே கிடையாது. நார்கள் எல்லாம் 2 மி.மீ. நீளத் துணுக்குகள் அல்லவா. பக்கத்தில் உளி பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதே இடத்தில் கத்தியால் இரண்டு சாய்வெட்டுப் போட்டுப் பள்ளமாக்கினேன். கறுப்புக் கோபுரம் வெள்ளைக் கோபுரமாயிற்று, இருண்ட வானத்தில் ஒரு கீற்று. அதுவே நன்றாக இருக்கிறது.

வானத்தில் இடது பக்கம் ஒரு கணு இருந்தது. அதையும் எடுத்துவிடலாம் என்று முயன்றதில் உளியின் முனை சிறு பிறை அளவுக்குத் தெறித்துவிட்டது. கணு கல்லாக இருந்தது. சாணைக்கல்லில் உளியைச் சரிசெய்யவே இரண்டு நாள். கணுவை விட்டுவிட்டேன். அச்சில் அது கறுத்த வட்டமாக, சுற்றிலும் ரேகை வளைந்து ஒதுங்கிப் போக, காற்று சுழலும் வானமாக விழுந்திருக்கிறது.

நிறத்துக்கு வருகிறேன். நிறத்துக்கு ஒரு பலகை என்று மூன்று பலகை செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது வழக்கமான முறை. நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1890களில் இன்னொரு வழி கண்டார். ஒரே பலகையை மெல்லிய ரம்பத்தால் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மை தடவி, மறுபடி பொருத்தி, ஒரே அழுத்தலில் எல்லா நிறத்தையும் எடுத்துவிடுவது. 1899இல் அவர் செய்த ‘இரு மனிதர்கள்: தனித்தவர்கள்’ என்ற மரச்செதுக்கில், கடலைப் பார்த்து நிற்கும் பெண் ஒரு துண்டு, கரையும் அதில் நிற்கும் ஆணும் ஒரு துண்டு, கடல் ஒரு துண்டு. எனக்கும் மூன்று துண்டுதான் தேவை.

அறுப்பதற்கு வளைவு அறுக்கும் கைரம்பம் போதும். அலகைத் தொண்ணூறு பாகை திருப்பிக்கொண்டால் பலகையின் நீளவாக்கிலும் போகலாம், ஓரத்திலிருந்து கோடு 12 செ.மீ.க்குள் இருந்தால் சட்டம் இடிக்காது. என் அடிவானம் மேலிருந்து 10 செ.மீ., கரை கீழிருந்து 9 செ.மீ. நான் தவறு செய்தது கனத்தில். 18 மி.மீ. கனத்தில் மெல்லிய அலகு நேராக நிற்காது, அடியில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் துண்டுகளை மேலிருந்து கீழாக இறக்கிப் பொருத்த முடியவில்லை, பக்கவாட்டில் ஒரு திசையிலிருந்து நுழைத்தால்தான் உட்காருகிறது. பலகையை முதலிலேயே இழைத்து 9, 10 மி.மீ. ஆக்கியிருக்க வேண்டும்.

அடுத்த தவறு மை. கழுவ எளிது என்று நீரில் கரையும் மையை எடுத்தேன். இரண்டு படி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் சேற்றுத் துண்டு ஊதியிருந்தது. கரையோடு சேரவே இல்லை. அழுத்திப் பார்க்காமல் ஒரு வாரம் காயவிட்டேன். தானாகவே பழைய அளவுக்கு வந்தது. அப்புறம் எல்லாத் துண்டுக்கும், அறுத்த ஓரங்கள் உட்பட, ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கு ஒரு பூச்சு. மையும் எண்ணெய் மைக்கு மாற்றினேன். சுத்தம் செய்யச் சமையலறைச் சூரியகாந்தி எண்ணெயும் பழந்துணியும் போதும், ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காமல், விரித்துப் போட்டுக் காயவையுங்கள். குவியலில் சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த மையென்றால் கட்டாயம் கவனம் வேண்டும்.

வானத்துக்குக் கறுப்பில் பிரஷ்யன் நீலம், சேற்றுக்குக் காவியும் மஞ்சள் மண்ணும் கொஞ்சம் கறுப்பும், கரைக்கு வெறும் கறுப்பு. ரேகை அச்சில் தெரிய வேண்டும் என்றால் மை மிக மெல்லியதாக இருக்க வேண்டும். கண்ணைவிடக் காதை நம்பலாம். கண்ணாடித் தட்டில் ரோலரை உருட்டும்போது சளக் சளக் என்றால் மை அதிகம்; பட்டுத்துணியை இழுப்பது போல மெல்லிய சரசரப்புக் கேட்டால் சரியான அளவு.

பலகையைப் பொருத்தி வைக்க, தடித்த அட்டையில் ட எழுத்து வடிவத்தில் இரண்டு சட்டம் ஆணியடித்துக்கொண்டேன். துண்டுகளை மூலையில் நெருக்கி வைத்தால் நகராது. தாளின் ஓரத்தையும் அதே மூலையில் வைத்து இறக்கலாம். தாள் ஜப்பானிய மல்பெரி நார்த்தாள், சதுர மீட்டருக்கு 40 கிராமுக்கும் குறைவு. மெல்லியதுதான், ஆனால் நார் நீளம் என்பதால் தேய்த்தாலும் கிழியாது. மேலே பேக்கிங் தாள் ஒன்றை வைத்து, எவர்சில்வர் குழம்புக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறு சிறு வட்டமாகத் தேய்த்தேன். ஒரு படிக்கு இருபத்தைந்து நிமிடம். பாதியில் ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமூலையைத் தூக்கிப் பார்க்கலாம். போதாத இடத்தில் கொஞ்சம் மை சேர்த்து மறுபடி தேய்க்கலாம். முதுகுவலி உண்டு. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வானத்தை அழுத்தமாகவும் சேற்றை லேசாகவும் தேய்த்தேன். அதனால்தான் சேறு ஈரமாகத் தெரிகிறது.

முதல் படியை உரித்தபோது துண்டுகளுக்கு இடையே இரண்டு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது, ரம்பம் தின்ற 1 மி.மீ. இடைவெளி. மெழுகு வைத்து அடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே அதைச் சுவரில் மாட்டினேன். இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு அடைக்கும் எண்ணம் போய்விட்டது. மேல் கோடு, சேற்றுக்கு அப்பால் ஒதுங்கிக் கிடக்கும் கடலின் வெளிச்சம். கீழ்க் கோடு கரையை ஒட்டிய நுரை. மூன்று நிறத்தையும் ஒன்றோடு ஒன்று மோதாமல் பிடித்து வைத்திருப்பதும் அந்தக் கோடுகள்தான். முங்கின் படத்திலும் இதே வெள்ளைக் கோடு அந்தப் பெண்ணைச் சுற்றி ஓடி, அவளைக் கரையிலிருந்தும் பக்கத்தில் நிற்பவரிடமிருந்தும் பிரித்துவிடுகிறது. அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அது ரம்பத்தின் தடம் என்று கவனித்ததில்லை.

பிறகு வேகமாகவே போயிற்று. ஒரு ஞாயிறுக்கு இரண்டு படி என்ற கணக்கில், கெட்டவை போக ஒன்பது. எண்ணெய் மை இந்தக் குளிரில் காய எட்டு நாள் எடுத்தது. துணி காயும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.

ஜனவரியில் வீட்டுக்குள் வெப்பமூட்டி இரவும் பகலும் ஓடியதில் மரம் வறண்டு, ரேகைக்குக் குறுக்காகச் சுருங்கியது. துண்டுகளை எவ்வளவு நெருக்கினாலும் கரையோரம் 1 மி.மீ.யாக இருந்த இடைவெளி ஒன்றரை ஆகிவிட்டது. முதல் படியையும் ஒன்பதாவது படியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஒன்பதாவதில் நுரை அகலம்; தண்ணீர் இப்போதுதான் திரும்பி வரத் தொடங்கியிருக்கிறது.